அடி விழும்போது அவள் எங்கே போகிறாள்?

1844-ல் தென்னாப்பிரிக்காவின் மபோட்ஸா என்ற ஊரில் டேவிட் லிவிங்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து மதபோதகர் ஒரு சிங்கத்திடம் மாட்டிக்கொண்டார். அது தோளைக் கவ்வி உதறியதில் இடது மேற்கை எலும்பு நொறுங்கியது. உயிர் பிழைத்து 1857-ல் எழுதிய பயண நூலில் அவர் சொன்னதுதான் வியப்பு. வலிக்கவில்லை. பயமும் வரவில்லை. நடப்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் ஒரு கனவுக்குள் கிடப்பதாகத் தோன்றியது. பாதி குளோரோஃபார்ம் ஏறிய நோயாளி, தன் உடம்பில் கத்தி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும் நிலை என்று அதை வர்ணித்தார். சாகப்போகும் உயிர்களுக்குக் கடவுள் செய்து வைத்த கருணை என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த எலும்பு கோணலாகத்தான் கூடியது. 1874-ல் அவருடைய சடலம் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது, அது அவர்தான் என்று உறுதிசெய்ய உதவியதும் அந்தக் கோணல் எலும்பே.

சிங்கமே இல்லாத வீடுகளிலும் இந்த அமைதி நிகழ்கிறது. கணவனிடம் அடிபட்டு, பல காலம் கழித்து வாய் திறக்கும் பெண்கள் ஏறக்குறைய இப்படிப் பேசுவார்கள்: "யாருக்கோ நடக்கிற மாதிரி இருந்துச்சு." "மேல ஃபேன் பக்கத்துல நின்னு என்னையே நான் பார்த்துட்டிருந்தேன்." "அவர் கத்துறது தெரியுது, சத்தம் மட்டும் எங்கேயோ தூரத்துல கேக்குது." "உடம்பு மரத்துப்போச்சு, அழுகைகூட வரல."

மனநல மருத்துவர்கள் டிஸோசியேஷன் என்று சொல்லும் இதைத் தமிழில் பிரிநிலை எனலாம். புலன்களில் விழுவது, அதனால் எழும் உணர்ச்சி, அது பதியும் நினைவு, இதெல்லாம் எனக்கு நடக்கிறது என்ற எண்ணம் ஆகிய நான்கும் சாதாரணமாக ஒரே முடிச்சாகத்தான் நமக்குக் கிடைக்கின்றன. அந்த முடிச்சு சற்று நேரம் அவிழ்ந்துவிடுவதே பிரிநிலை. பிரான்சின் பியர் ஜானே 1889-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். லேசான வடிவம் எல்லோருக்கும் வாய்க்கும்: யோசனையில் மூழ்கி, இறங்க வேண்டிய பஸ் ஸ்டாப்பைத் தவறவிடுகிறோமே, அது. கடுமையான கோடியில் ஒருவருக்குள் பல ஆட்கள் குடியிருக்கும் நிலை. தமிழ் சினிமாவுக்கு அந்தக் கோடி மட்டும்தான் பிடிக்கும். 2005-ல் ஒரே ஆண்டில் சந்திரமுகி, அந்நியன் என்று இரண்டு படங்கள் வந்து நம் எல்லோரையும் நிபுணர்களாக்கிவிட்டன. திரையில் பிரிநிலை கண்ணை உருட்டிக் கத்தும். வீடுகளில் அது சத்தமே போடாமல் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்.

முதலில் வலி எங்கே போகிறது என்று பார்ப்போம். மூளையின் நடுத்தண்டுக்குள் மூளைநீர் ஓடும் மெல்லிய கால்வாய் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாம்பல் நிறத் திசு. கால்வாய்ச்சூழ் சாம்பல்திசு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் துண்டுக்குள் நெடுக்குவாட்டில் தனித்தனித் தூண்கள். முதுகுப்பக்கத் தூண்களைத் தூண்டினால் எலியோ பூனையோ சீறும், பாயும், ஓடும். ரத்த அழுத்தம் எகிறும். வயிற்றுப்பக்கத் தூணைத் தூண்டினால் அதே விலங்கு தளர்ந்து ஒடுங்கிவிடும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும். இரண்டு நிலைகளிலும் வலி மரக்கிறது. ஆனால் மரக்கவைக்கும் முறை வேறு. ஒடுங்கும்போது வேலை செய்வது அபினி வகை வேதிப்பொருள்கள். வெளியிலிருந்து வருபவை அல்ல, உடம்பே காய்ச்சிக்கொள்பவை.

அது அபினிதான் என்பதற்குச் சாட்சி உண்டா? 1990-ல் ராஜர் பிட்மன் குழு அமெரிக்காவில் செய்த சோதனை இது. வியட்நாம் போரிலிருந்து மனக்காயத்தோடு திரும்பிய 8 வீரர்களுக்குப் போர்க்காட்சிப் படம் போட்டுக் காட்டிவிட்டு, கையில் சூடு வைத்து எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டார்கள். வலி 30 சதவீதம் குறைந்திருந்தது. பிறகு நலாக்சோன் கொடுத்துவிட்டு அதையே திரும்பச் செய்தார்கள். அபினி வகை மருந்து உடம்பில் மிஞ்சிப்போனவர்களுக்கு மருத்துவமனையில் போடும் முறிமருந்து அது. இந்த முறை வலி குறையவே இல்லை. படம் பார்த்ததில் சுரந்த மரப்பு 8 மில்லிகிராம் மார்ஃபினுக்கு ஈடு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்குப் போடும் ஊசி ஏறக்குறைய அந்த அளவு. வெறும் படத்துக்கே இவ்வளவு.

ஆபத்து வந்தால் ஒன்று எதிர்ப்போம், இல்லை ஓடுவோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து படித்துவருகிறோம். அது பாதிக் கதை. எதிர்க்கவும் முடியாது, ஓடவும் வழியில்லை என்று மூளை கணக்குப் போட்டு முடித்தால் மூன்றாவது ஏற்பாடு வரும்: அசைவற்று உறைதல். கணக்குப் போடுவது அடிபடுபவள் அல்ல. யோசிக்கிற மூளை விழித்துக்கொள்வதற்குள் அடித்தளம் தீர்ப்பை எழுதிவிடுகிறது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில், பாலியல் தாக்குதலுக்குள்ளாகி அவசரச் சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. தாக்குதலின்போது குறிப்பிடத்தக்க அளவில் உறைந்துபோனவர்கள் 70 சதவீதம். மிகக் கடுமையாக உறைந்தவர்கள் மட்டும் 48 சதவீதம். கையை அசைக்க முடியவில்லை, தொண்டையிலிருந்து குரல் எழவில்லை. "ஏம்மா, கத்தியிருக்கலாமே?" என்று கேட்கும் அத்தனை பேரும் படிக்க வேண்டிய எண்கள் இவை.

வலி மரப்பதைவிட விசித்திரம், 'நான்' நகர்ந்துபோவது. மேலே நின்று தன்னையே பார்த்தேன் என்பது வெறும் கற்பனைப் பேச்சா? 2002-ல் ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்கே என்ற நரம்பியலாளர் ஒரு வலிப்பு நோயாளிக்கு அறுவைக்கு முந்தைய சோதனை செய்துகொண்டிருந்தார். வலது காதுக்குப் பின்பக்கம் மேலாக இருக்கும் ஒரு மூளைப்பகுதிக்கு மின்முனையால் லேசாக மின்சாரம் கொடுத்தபோது, தான் உயரத்திலிருந்து கட்டிலில் கிடக்கும் தன்னைப் பார்ப்பதாக அந்தப் பெண் சொன்னார். மின்சாரத்தை நிறுத்தினால் இறங்கிவிட்டார். மறுபடி கொடுத்தால் மறுபடி மேலே. நம் உடம்பு எங்கே இருக்கிறது, அதற்குள் 'நான்' எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதை மூளை கண், காது, தசை எல்லாவற்றிடமும் கேட்டு விநாடிக்கு விநாடி கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கைக் கலைத்தால் ஆள் இடம் மாறிவிடுகிறார்.

2020-ல் ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசராத் குழு இன்னும் உள்ளே போனது. எலிகளுக்குக் கீட்டமைன் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தபோது, மூளையின் பின்பகுதியில் குறிப்பிட்ட ஒரு சிறு கூட்டம் செல்கள் மட்டும் விநாடிக்கு ஒன்றிலிருந்து மூன்று முறை வரை ஒரே தாளத்தில் துடித்தன. அந்த எலிகளைச் சூடான தட்டில் விட்டார்கள். சுட்டவுடன் பாதத்தை வெடுக்கென்று தூக்கின. ஆக, சூடு உறைக்கிறது. ஆனால் சாதாரண எலிபோல் சுட்ட பாதத்தை நக்கித் தேற்றிக்கொள்ளவில்லை. வலி வந்தது, அதைச் சொந்தம் கொண்டாட ஆளில்லை. பிறகு மருந்தே இல்லாமல், ஒளியைப் பாய்ச்சி அந்தத் தாளத்தை மட்டும் உண்டாக்கினார்கள். அதே விளைவு. மனிதரிலும் ஒரு தடயம் கிடைத்தது. வலிப்பு வருமுன் தன்னைவிட்டு விலகிப்போவதாகச் சொன்ன நோயாளி ஒருவரின் மூளையில், ஏறக்குறைய அதே இடத்தில், விநாடிக்கு மூன்று துடிப்பு. விமானி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன், கருவிகள் தெரிகின்றன, ஓட்டுவது நான் இல்லை என்ற பொருளில் அவர் அதை விவரித்தார். மயக்க மருந்தும் வலிப்பும் காட்டிய இந்தத் தாளம்தான் அடிபடும் பெண்ணின் மூளையிலும் ஓடுகிறதா என்பது இனிமேல் சோதிக்க வேண்டியது. ஆனால் உணர்வதும் உரிமை கொள்வதும் தனித்தனி வேலைகள், ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை ஓடவிடலாம் என்பது நிரூபணமாகிவிட்டது.

ஒரே ஆபத்தில் எல்லோரும் பிரிவதில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் மூடுபனியில் ஏராளமான வாகனங்கள் மோதிக்கொண்ட விபத்தில் ஒரு கணவனும் மனைவியும் ஒரே காருக்குள் சிக்கினார்கள். இருவருமே மனக்காயத்தோடு மீண்டார்கள். ரூத் லேனியஸ் என்ற மனநல மருத்துவர் இருவரையும் தனித்தனியாக ஸ்கேனரில் படுக்கவைத்து, விபத்தை நினைவூட்டினார். கணவருக்கு இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 13 எகிறியது. எல்லாம் மறுபடி கண்முன் நடந்தது. மனைவிக்குத் துடிப்பு மாறவே இல்லை. மரத்துப்போனது, உறைந்துபோனேன் என்றார். ஏன் இந்த வித்தியாசம்? பெசல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவர் 2014-ல் வெளியிட்ட நூலில் ஒரு விவரம் சொல்கிறார். சிறுமியாக இருக்கும்போது அந்தப் பெண்மணி, அம்மா கத்தத் தொடங்கியதும் மனதை வெறுமையாக்கிக்கொள்ளப் பழகியிருந்தார். பல பத்தாண்டுகள் கழித்து நசுங்கிய காருக்குள் அவர் மூளை எடுத்தது அந்தப் பழைய பாடத்தை.

லேனியஸ் குழு பிறகு பலரைச் சோதித்தது. பிரிநிலைக்குப் போகிறவர்களில் உணர்ச்சியை அடக்கும் நெற்றிப்பக்க மூளை அளவுக்கு மீறி உழைக்கிறது. அச்சத்தின் மணியடிக்கும் அமிக்டலாவை அமுக்கிப் பிடிக்கிறது. வெளியே பார்த்தால் கல். உள்ளே மும்முரமான வேலை. 16 நாடுகளில் 25,018 பேரிடம் எடுத்த ஆய்வில், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்குப் பிரிநிலை அறிகுறிகள் இருந்தன. 2013-ல் அமெரிக்க மனநலக் கையேடு இதைத் தனி உட்பிரிவாகவே சேர்த்துக்கொண்டது.

லிவிங்ஸ்டனின் சிங்கம் சில நிமிடங்களில் அவரை விட்டது. இந்த ஏற்பாடு முழுவதும் சில நிமிடங்களுக்காகத்தான் உருவானது. வீட்டில் அடிப்பவனோ சாயங்காலம் திரும்பி வருவான், காப்பி கேட்பான், குழந்தையைக் கொஞ்சுவான், பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுவான். அவனை நம்பித்தான் கூரை, சோறு, ஊரில் மரியாதை எல்லாம். துரோகம் இழைப்பவரையே சார்ந்து வாழ வேண்டியிருந்தால், துரோகத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே பிழைக்கும் வழி ஆகிவிடும் என்று ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற உளவியலாளர் 1990-களில் வாதிட்டார். அந்தக் கோட்பாட்டின் எல்லா நீட்சிகளையும் எல்லோரும் ஏற்பதில்லை. ஆனால் "காலைல எதுவுமே நடக்காத மாதிரி இட்லி ஊத்திட்டிருந்தேன்" என்று ஒரு பெண் சொல்வதை இதைவிட நன்றாக விளக்கும் ஒன்றை நான் படித்ததில்லை.

குழந்தைகளின் நிலை இன்னும் சிக்கல். பயந்த குழந்தை அம்மாவிடமோ அப்பாவிடமோ ஓட வேண்டும் என்பது பிறவி விதி. பயமுறுத்துவதே அவர்கள்தான் என்றால்? ஓடிப்போகவும் கிட்டே வரவும் ஒரே நேரத்தில் உத்தரவு. அப்படிப்பட்ட குழந்தை பாதி வழியில் உறைந்து நின்று, கண் எங்கோ நிலைகுத்திப்போவதை மேரி மெய்ன் முதலிய உளவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஹார்வர்டின் மார்ட்டின் டைக்கர் குழு வளர்ந்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில் ஒரு வினோதம் வெளிப்பட்டது. பெற்றோரின் அடிதடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பார்வைப் பகுதியில் மாற்றம். வசவு கேட்டே வளர்ந்தவர்களுக்குக் கேட்கும் பகுதியில் மாற்றம். எந்த வாசல் வழியாகக் கொடுமை நுழைந்ததோ அந்த வாசலையே மூளை திருத்திக் கட்டிக்கொள்கிறதோ என்று தோன்றுகிறது. "சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன புரியும்" என்று சொல்வது எவ்வளவு தவறு!

இது எங்கோ ஒன்றிரண்டு வீடுகளின் கதை அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21), தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய அளவில் 29. பத்து வீடு உள்ள தெருவில் ஏறக்குறைய நாலு வீடு.

மூளையின் இத்தனை சாமர்த்தியத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அவசரத்துக்குக் கந்துவட்டிக்கு வாங்கும் பணம் போலத்தான் பிரிநிலை: கேட்ட நிமிடம் கைக்கு வரும், வட்டி பிறகு கழுத்தைப் பிடிக்கும். அடிக்கடி பயன்பட்ட பாதை சுலபமாகிறது. முதலில் அடி விழுந்தால்தான் விலகியவள், பிறகு குரல் உயர்ந்தாலே விலகுகிறாள். கடைசியில் வாசலில் பைக் நிற்கும் சத்தமே போதும். அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாது. கடைக்குப் போய் ஏன் வந்தோம் என்று நிற்பாள். வலியை மட்டும் தேர்ந்தெடுத்து மரக்கவைக்க இந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது; குழந்தை சிரிக்கும்போது வரும் சந்தோஷமும் சேர்ந்து மரத்துப்போகும். எல்லாவற்றையும்விட மோசம், அச்சமணியின் சத்தம் குறைந்துவிடுவதால் அடுத்த ஆபத்து நெருங்குவதும் உறைக்காமல் போகலாம். அந்த ஸ்டாக்ஹோம் ஆய்வில் கடுமையாக உறைந்தவர்களுக்கு, ஆறு மாதம் கழித்துப் பேரதிர்ச்சிக் கோளாறும் மனச்சோர்வும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

நினைவிலும் வட்டி கட்ட வேண்டும். 2015-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எலேனா ரதுலோவிச் குழு, எலியின் நினைவு மையத்தில் கபாக்ஸடால் என்ற மருந்தைச் செலுத்திவிட்டு ஒரு பெட்டிக்குள் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தது. மறுநாள் மருந்தில்லாமல் அதே பெட்டியில் விட்டபோது எலி கவலையின்றி உலாவியது. மருந்தைக் கொடுத்துவிட்டு விட்டால் பயத்தில் உறைந்தது. நினைவு அழியவில்லை, அது பதிந்த மனநிலைக்குத் திரும்பினால்தான் திறக்கும்படி பூட்டப்பட்டிருந்தது. மனிதர்களில் இது அப்படியே நடக்கிறது என்று எலியை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வன்முறைக்கு ஆளானவர்கள் சொல்லும் விதத்தைக் கவனித்தவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது. அவன் சட்டையின் நிறம் நினைவிருக்கும், தேதி இருக்காது. நடுவில் அரை மணி நேரம் காணாமல் போயிருக்கும். அடுத்த வாரம் கேட்டால் புதிதாக ஒரு துண்டு கிடைக்கும். காவல் நிலையத்தில் இதற்கு "முன்னுக்குப் பின் முரணாப் பேசுறா" என்று பெயர். அழாமல், அடுத்த வீட்டுக் கதைபோலச் சொன்னால் "பொய் சொல்றா" என்று பெயர். இரண்டுமே பிரிநிலையின் பாடப்புத்தக அறிகுறிகள். விசாரிக்கும் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இது கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் ஊரில் பிரிநிலை வேறு உடையிலும் வரும். அடிக்கடி மயங்கி விழும் மருமகள், கை கால் வெட்டி இழுக்கும் இளம்பெண், வெள்ளிக்கிழமை தோறும் சாமி வருகிறவள். எல்லாச் சாமியாட்டமும் நோய் ஆகாது. அது வழிபாட்டின் பகுதியாக இருக்கும் இடங்களில் அதை நோய் என்பது அபத்தம். ஆனால் வலிப்புபோல் வந்து, மூளையின் மின்பதிவில் வலிப்பின் அடையாளமே இல்லாத நிகழ்வுகள் உண்டு. அவற்றால் அவதிப்படுவோரில் பெரும்பாலோர் பெண்கள். வன்முறைக்கு ஆளான வரலாறும் அவர்களிடையே அதிகம். "ரிப்போர்ட் நார்மல், எல்லாம் நடிப்பு" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். ரிப்போர்ட் சொல்வது அது வலிப்பு நோய் இல்லை என்பதை மட்டும்தான். நடிப்பவருக்கு அது எப்போது வரும் என்பது தெரியும், இவருக்குத் தெரியாது.

இன்னொரு பக்கமும் எச்சரிக்கை வேண்டும். அடிபட்ட பெண் "கொஞ்ச நேரம் என்ன நடந்துச்சுன்னே தெரியல" என்றால் எல்லாவற்றையும் மனதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தலையில் பட்ட அடியோ கழுத்தை நெரித்ததோ காரணமாக இருக்கலாம். கழுத்து நெரிபட்டால் சில விநாடிகளில் நினைவு தப்பும். தோலில் ஒரு கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

திரும்பி வர வழி இருக்கிறது. பியர் ஜானே அன்றே வகுத்த வரிசையைத்தான் இன்றும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள்: முதலில் பாதுகாப்பும் நிதானமும், பிறகு நினைவுகள், பிறகு வாழ்க்கையோடு இணைப்பு. வரிசை முக்கியம். அடிப்பவனோடு அதே வீட்டில் இருக்கும்போது அந்த மரப்பை மட்டும் உரித்தெடுப்பது கொடுமை. விலகிப்போகும் கணத்தில் ஆளை இழுத்துப் பிடிக்கச் சின்ன உத்திகள் உண்டு. பாதத்தைத் தரையில் அழுத்திக்கொள்வது, முகத்தில் குளிர்ந்த நீர், கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்வது. 'நான் இங்கே, இப்போது இருக்கிறேன்' என்ற கணக்கை மூளை மறுபடி போட இவை புதிய தகவல் தருகின்றன. கண்ணை மூடித் தியானம் செய்யச் சொல்லும் அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது; சிலரை அது இன்னும் தூரம் தள்ளிவிடும்.

உங்கள் தங்கையோ தோழியோ பக்கத்து வீட்டு அக்காவோ இப்படி எதையாவது உணர்ச்சியே இல்லாத குரலில் சொன்னால், ஏன் கத்தவில்லை, ஏன் அன்றைக்கே கிளம்பி வரவில்லை என்று கேட்காதீர்கள். இப்போது பாதுகாப்பாக இருக்கிறாளா என்று கேளுங்கள். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தில் அடி உதை மட்டுமல்ல, பாலியல் வன்முறை, வசவு, காசு தராமல் வதைப்பது எல்லாம் அடக்கம். அந்த வீட்டிலேயே தொடர்ந்து குடியிருக்கும் உரிமையையும் அது தருகிறது. இந்தியாவில் பெண்கள் உதவி எண் 181, உடனடி ஆபத்துக்கு 112, தமிழிலும் பேசக்கூடிய மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இலங்கையில் பெண்கள் உதவி எண் 1938.